பேரறிவாளன்: விடுதலை ஆகிவிட்டார், சரி. குற்றவாளியா இல்லையா என்பதை மறுபடி யாராவது விசாரித்தார்களா?

பாலாறு:

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனை 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தபோது நானும் இனிப்பு வாங்கிக் கொடுத்தவன்தான். அற்புதம்மாள் மகனைக் கட்டிப்பிடித்து நின்ற அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். போன வாரம்தான் அந்தத் தீர்ப்பை முழுதாக உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

அவர் குற்றமற்றவர் என்று அதில் எங்குமே சொல்லப்படவில்லை. 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை, ஆளுநர் தண்டனையைக் குறைக்க இடம்தரும் அரசமைப்பின் 161ஆவது பிரிவின்படி விடுதலைக்குப் பரிந்துரை செய்தது, ஆளுநர் ஆண்டுக்கணக்கில் முடிவெடுக்காமல் வைத்திருந்து கடைசியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார், அப்படி அனுப்பியதற்கு அரசமைப்பில் இடமில்லை, எனவே உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி நாங்களே விடுவிக்கிறோம். தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். சிறையில் நன்னடத்தை, உடல்நலம், படித்த படிப்பு எல்லாம் சொல்லப்பட்டிருக்கின்றன. 1999இல் அவரைக் குற்றவாளி என்று சொன்ன தீர்ப்பை யாரும் தொடவில்லை. சட்டத்தின் கணக்கில் அவர் இன்றைக்கும் ராஜீவ் காந்தி கொலைச் சதியில் பங்குகொண்டவர்.

19 வயதில் உள்ளே போனவர் 50 வயதில் வெளியே வந்தார். அத்தனை வருடங்களும் நம் ஆட்கள் பேசியது தூக்குக் கூடாது, விடுதலை வேண்டும் என்றுதான். 'அவர் அதைச் செய்தாரா?' என்ற கேள்வியை மட்டும் தனியாக எடுத்துவைத்துப் பேசியவர்கள் மிகக் குறைவு. அதை மட்டும் இங்கே பேச ஆசைப்படுகிறேன். இயக்க அரசியல், கட்சி அரசியல் இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள்.

கரிசல்:

நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் பதிலை நான் சொல்லப்போவதில்லை.

பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்று சொன்னது. அது மிகை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லையே. 1999 மே மாதம் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தார்கள், மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தார்கள், நான்கு பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தார்கள். அதாவது மூன்று நீதிபதிகள் ஒவ்வொருவருக்கும் எதிரான சாட்சியத்தைத் தனித்தனியாக நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்த பிறகும் பேரறிவாளன் அந்த நான்கு பேரில் இருந்தார். கண்மூடித்தனமான தீர்ப்பு என்று இதைச் சொல்ல முடியாது.

அதோடு, எல்லோரும் 'இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்ததற்கா தூக்கு?' என்றே கேட்கிறார்கள். வழக்கு வெறும் பேட்டரி இல்லை. கொலைத் திட்டத்தை முன்னின்று நடத்திய விடுதலைப் புலி சிவராசனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கியதில் தவறான முகவரி கொடுக்கப்பட்டது. 1991 மே 7 அன்று சென்னையில் வி.பி. சிங் கூட்டத்தில் கொலைக்கு ஒத்திகை பார்க்கப்பட்டபோது அவரும் அங்கே போயிருந்தார். எல்லாவற்றையும் கோத்துத்தான் நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. கோத்த மாலையிலிருந்து ஒரு பூவை மட்டும் பிய்த்து 'இது மாலையா?' என்று கேட்பது நியாயமில்லை.

தாழ்வாரம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஸ்ரீபெரும்புதூரில் மே 21 அன்று ராத்திரி என் அப்பா அந்தக் கூட்டத்தில் இருந்தார். தூரத்தில் நின்றதால் பிழைத்தார். இரண்டு நாள் அவருக்குக் காது கேட்கவில்லை. அந்தச் சட்டையை அம்மா துவைக்காமல் எரித்துவிட்டாள்.

அன்றைக்கு ராஜீவ் மட்டும் சாகவில்லை. பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்கள் செத்தார்கள், மாலை போட வந்தவர்கள் செத்தார்கள். இந்த வழக்கைப் பற்றிய எந்த விவாதத்திலும் அவர்கள் பெயர் வருவதில்லை. பேரறிவாளன் குற்றமற்றவராக இருந்தால் அது தெரியவேண்டும் என்று எங்கள் வீட்டிலும் நினைக்கிறோம். தவறான ஆளை உள்ளே வைத்திருந்தால் எங்களுக்கு நீதி கிடைத்துவிட்டதாக எப்படி நினைக்க முடியும்? ஆனால் செத்தவர்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு இதைப் பேசாதீர்கள். அவ்வளவுதான்.

பாலாறு:

அக்கா, நீங்கள் சொன்னது சரி. முதல் பதிவிலேயே நான் அதை எழுதியிருக்க வேண்டும். என் தவறு.

கரிசல் அண்ணா, பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் சட்டம் தெரிந்தவர்கள் யாராவது, பேரறிவாளன் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்ததாகப் பதிவான வாக்குமூலத்தைப் பற்றிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வாய்தா:

கீழமை நீதிமன்றங்களில் இருபது வருடங்களாகக் குற்ற வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சாதாரணக் கொலை வழக்கில், போலீஸ் அதிகாரியிடம் நீங்கள் 'ஆமாம், நான்தான் கொன்றேன்' என்று சொன்னாலும் அது உங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகாது. 1872ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அப்படிச் சொன்னது. எழுதியது வெள்ளைக்காரன். நம் மேல் உள்ள கரிசனத்தால் இல்லை, தன்னுடைய போலீஸ் எப்படி வாக்குமூலம் வாங்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இந்த வழக்கு நடந்த தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு அந்தத் தடுப்பை எடுத்துவிட்டது. எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால் அது சாட்சியம். போலீஸ் காவலில் 60 நாட்கள் வரை வைத்துக்கொள்ளலாம். இந்த வழக்கில் 17 பேர் வாக்குமூலம் கொடுத்ததாகப் பதிவு. பதிவு செய்த அதிகாரி ஒரே ஒருவர், சி.பி.ஐ. எஸ்.பி. தியாகராஜன்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். 1999 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே இது தடா சட்டத்தின்படியான பயங்கரவாதச் செயல் அல்ல என்று சொல்லிவிட்டது. அரசாங்கத்தை அச்சுறுத்தும் நோக்கமோ மக்களைப் பீதிக்குள்ளாக்கும் நோக்கமோ நிரூபிக்கப்படவில்லை, ராஜீவ் என்ற மனிதர் மேல் இருந்த பகை என்றார்கள். தடா குற்றச்சாட்டுகள் விழுந்தன. தடா விழுந்தால் தடாவில் வாங்கிய வாக்குமூலமும் விழவேண்டும் என்றுதானே நினைப்போம்? 1997இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருந்தது. இந்த வழக்கில் அது சரியான சட்டம் அல்ல என்று சொல்லி, தடாவில் விடுதலை ஆனாலும் மற்ற குற்றங்களுக்கு அந்த வாக்குமூலம் செல்லும் என்று முடிவு செய்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தடா வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு கிடையாது, நேராக உச்ச நீதிமன்றம்தான். பிக்பாக்கெட் வழக்கில் தண்டனை பெற்றவனுக்குக்கூட மேலே ஏறிப்போக இதைவிடப் படிகள் அதிகம். தூக்கு விதிக்கப்பட்டவர்களுக்கு ஒரே ஒரு மேல்முறையீடு. பயங்கரவாதம் இல்லை என்று முடிவான பிறகும் பயங்கரவாதத்துக்கு என்று வைத்த குறுக்கு வழியில் நடந்த விசாரணை அப்படியே நின்றுவிட்டது. கரிசல் ஐயா சொல்லும் மாலையைக் கோத்த நூல் இந்த வாக்குமூலம்தான்.

கரிசல்:

வாய்தா ஐயா, சட்ட விளக்கத்துக்கு நன்றி. ஆனால் நடைமுறை சரியில்லை என்பதும் ஆள் குற்றமற்றவர் என்பதும் ஒன்றல்லவே. மோசமான வழியில் வாங்கிய வாக்குமூலத்திலும் உண்மை இருக்கலாம்.

வாய்தா:

இருக்கலாம். அதை எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பீர்கள் என்பதுதான் என் கேள்வி. பேட்டரி வாங்கியதையும் வண்டி வாங்கியதையும் வெளியே உள்ள சாட்சிகளை வைத்து நிரூபிக்கலாம். 'எதற்காக என்று தெரிந்தே வாங்கினேன்' என்பதை வெளியிலிருந்து யார் நிரூபிக்க முடியும்? அந்த மனத்துக்குள் இருந்தது வாக்குமூலத்தில் மட்டும்தான் இருக்கிறது. குற்றமே அந்த 'தெரிந்தே'யில்தான் இருக்கிறது.

பாலாறு:

நான் எழுத நினைத்ததை ஐயாவே தொட்டுவிட்டார். தொடர்கிறேன்.

வாக்குமூலத்தில் இருந்த அந்த வாக்கியத்தின் சாரம் இது: ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கி சிவராசனிடம் கொடுத்தேன், அவற்றைக் கொண்டுதான் குண்டு வெடிக்கவைக்கப்பட்டது. இரண்டு செய்திகளை ஒரே மூச்சில் சொல்லும் வாக்கியம். முதல் பாதி அவர் செய்தது. இரண்டாம் பாதி, வெடிப்பு நடந்து முடிந்த பிறகு யாருக்கும் தெரியக்கூடியது. ஒட்டிப் படித்தால் குண்டுக்காகவே வாங்கியது போல் இருக்கிறது.

2013 நவம்பரில் தியாகராஜன் வாய் திறந்தார். ஓய்வு பெற்ற பிறகு, ஆவணப்படம் ஒன்றில். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்றுதான் பேரறிவாளன் சொன்னார், அந்தப் பகுதியை நான் பதிவு செய்யவில்லை, சேர்த்திருந்தால் அது ஒப்புதல் வாக்குமூலமாகவே இருந்திருக்காது என்று சொன்னார். 2017இல் அதையே பிரமாணப் பத்திரமாக உச்ச நீதிமன்றத்துக்கும் கொடுத்தார். பதிவு செய்த அதிகாரியே சொல்கிறார், அண்ணா. எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை, உறவினர் இல்லை, ஆதரவு இயக்கம் இல்லை.

மே 7 விஷயத்துக்கும் வருகிறேன். அதே மே 7 தேதியிட்ட கம்பியில்லாச் செய்தி ஒன்று இருக்கிறது, சிவராசன் புலிகளின் உளவுப்பிரிவுத் தலைவர் பொட்டு அம்மானுக்கு அனுப்பியது. எங்கள் நோக்கம் எங்கள் மூவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்பது அதன் பொருள். மூவர் என்றால் சிவராசன், தற்கொலைக் குண்டாளி தணு, அவள் கூட்டாளி சுபா. தியாகராஜன் தன் பத்திரத்தில் இதையும் சுட்டிக்காட்டினார். ஒத்திகைக்குக் கூடப் போனவர்களிடமே அது ஒத்திகை என்று சொல்லப்படவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கரிசல்:

செய்தியை நானும் அறிவேன். ஒரு சதிகாரன் தன் மேலிடத்துக்கு 'ரகசியம் பத்திரமாக இருக்கிறது' என்று சொல்வது வழக்கம்தான். அதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தியாகராஜன் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அவர் சொன்னது உண்மை என்றால் 22 வருடங்கள் ஒரு மனிதன் தூக்குக் கொட்டடிக்குப் பக்கத்தில் இருக்க அவர் சம்பளமும் ஓய்வூதியமும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். பொய் என்றால் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்குப் பெரிய துரோகம். இரண்டில் எதுவானாலும் அவருடைய பேச்சை மட்டும் நம்பி ஒரு முடிவுக்கு வர எனக்குக் கை நடுங்குகிறது.

பாலாறு:

அதே கை நடுக்கம் 1999லும் இருந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நீங்கள் இன்றைக்கு நம்பத் தயங்கும் அதே மனிதர் எழுதியதை நம்பித்தான் அன்றைக்குத் தூக்கு.

கரிசல்:

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

நொய்யல்:

வணக்கம். நான் 1991க்குப் பிறகு பிறந்தவள். சட்டம் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. இதே மாதிரி வழக்குகளைத் தேடிப் படித்துக்கொண்டிருப்பதால் இரண்டு விஷயங்கள் சொல்லலாமா?

முதலாவது குஜராத் அக்‌ஷர்தாம் கோயில் தாக்குதல். 2002 செப்டம்பரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தடாவுக்குப் பிறகு வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவின்படி ஆறு பேருக்குத் தண்டனை, அவர்களில் மூன்று பேருக்குத் தூக்கு. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. அதிலும் அடிப்படை போலீஸிடம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலங்கள்தான். இறந்துபோன தாக்குதல்காரர்களின் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்ததாகக் கடிதங்களைக் காட்டியிருந்தார்கள். குண்டு துளைத்து ரத்தத்தில் ஊறிய உடல், அந்தக் கடிதத்தில் மட்டும் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்டிருக்கக்கூடிய கேள்வி, அதற்குப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இரண்டாவது பர்மிங்ஹாம் அறுவர். 1974 நவம்பரில் இங்கிலாந்தில் இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். அயர்லாந்துக்காரர்கள் ஆறு பேர் ஆயுள் தண்டனையில் உள்ளே போனார்கள். போலீஸ் அடித்து வாங்கிய வாக்குமூலம், கையில் வெடிமருந்துத் தடயம் இருந்ததாகச் சொன்ன ஒரு ரசாயனச் சோதனை, இவைதான் ஆதாரம். 1991 மார்ச் 14 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பையே ரத்து செய்தது. பேரறிவாளன் கைதாவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்னால். அதோடு விடவில்லை, தவறான தீர்ப்புகளை மறுபடி ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்கென்றே ஒரு தனி ஆணையத்தை அமைத்தார்கள், 1997 முதல் அது இயங்குகிறது.

நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. சீராய்வு மனு என்பது அதே நீதிமன்றத்திடம் 'தயவுசெய்து மறுபடி பாருங்கள்' என்று கேட்பதுதான். தவறாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சட்டம் வேண்டும் என்று 2018இல் சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில் சொன்னது. அறிக்கையாகவே இருக்கிறது.

வாய்தா:

நொய்யல் தம்பி (தங்கை என்று சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும் அம்மா), நல்ல ஒப்பீடு. ஒரு வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அக்‌ஷர்தாமில் உயர் நீதிமன்றம் என்ற நடுப்படி இருந்தது, அதனால் உச்ச நீதிமன்றத்துக்கு வரும்போது வழக்கு இரண்டாவது முறை சலிக்கப்பட்டது. ராஜீவ் வழக்கில் தவறு நடந்திருந்தால் அதைப் பிடிக்க மேலே யாரும் இல்லை.

பேரறிவாளன் அதற்கும் முயன்றார் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தியாகராஜனின் பிரமாணப் பத்திரத்தை வைத்து 1999 தீர்ப்பைத் திரும்பப் பெறும்படி கேட்டார். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆக, பாலாறு கேட்ட கேள்விக்கு நேரான பதில்: மறுபடி விசாரியுங்கள் என்று கேட்டார், விசாரிக்கவில்லை.

1999 அமர்வுக்குத் தலைமை வகித்த நீதிபதி கே.டி. தாமஸ், 2017இல் சோனியா காந்திக்குக் கடிதம் எழுதி இந்த வழக்கின் கைதிகளிடம் பெருந்தன்மை காட்டும்படி கேட்டுக்கொண்டார். தண்டனை கொடுத்த கை அப்படிக் கடிதம் எழுதுவது எங்கள் தொழிலில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தாழ்வாரம்:

பெருந்தன்மை என்ற சொல்லைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மன்னிப்பது வேறு, குற்றம் செய்யவில்லை என்பது வேறு. செய்யாத ஒருவரை மன்னித்தோம் என்று சொன்னால் அவர் மேல் இன்னொரு முறை பழி போடுகிறோம். அவர் வெளியே வந்தது கருணையால் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அது எங்களுக்கும் போதவில்லை, அவருக்கும் போதாது என்றுதான் நினைக்கிறேன்.

கரிசல்:

இரண்டு நாள் கழித்து வருகிறேன். தீர்ப்பில் அவரைப் பற்றிய பகுதிகளை மறுபடி எடுத்துப் படித்தேன்.

என் நிலையைச் சொல்கிறேன். அவர் குற்றமற்றவர் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. சிவராசனோடு அவருக்கு இருந்த தொடர்பு உண்மை. தவறான முகவரி கொடுத்து வண்டி வாங்கியவர் எதுவும் அறியாத பிள்ளை என்று நான் ஏற்கமாட்டேன். ஏதோ ரகசிய வேலை என்று நிச்சயம் தெரிந்திருக்கும். ஆனால் 'ஏதோ ரகசிய வேலை' என்பதிலிருந்து 'ராஜீவ் காந்தியைக் கொல்லப் போகிறார்கள்' என்பதற்குப் போக ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் வாக்குமூலத்தின் அந்த வரிதான். அதை எடுத்துவிட்டுப் படித்தால் எனக்கு வழி தெரியவில்லை. அன்றைய சூழலில் புலிகளுக்கு வண்டியும் பேட்டரியும் வாங்கிக் கொடுத்த இளைஞர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்டது என்று இதுவரை பேசிவந்தேன். அந்தச் சொல்லை நான் திரும்பப் பெறுகிறேன். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

பாலாறு:

அண்ணா, இதற்கு மேல் கேட்கவும் மாட்டேன். நீங்கள் சொன்ன இடம்தான் நானும் நிற்கும் இடம் என்று இப்போது தோன்றுகிறது. தொடங்கும்போது அவர் குற்றமற்றவர் என்று உறுதியாக நம்பினேன். இப்போது அதைவிட, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதைத்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது. சட்டத்தில் இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான், விடுவிக்க வேண்டும். அது 1999இல் நடந்திருக்க வேண்டியது.

நொய்யல்:

தாழ்வாரம் அக்காவிடம் ஒரு கேள்வி. தப்பாக இருந்தால் பதில் சொல்ல வேண்டாம். உங்கள் அப்பா இப்போது என்ன சொல்கிறார்?

தாழ்வாரம்:

தப்பு ஒன்றும் இல்லை அம்மா. அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. விடுதலைச் செய்தி டிவியில் ஓடியபோது கூடவே உட்கார்ந்து பார்த்தார். 'அந்தப் பையன் பேட்டரி வாங்கினான் என்கிறார்கள், சரி. பெல்ட்டைத் தைத்துக் குண்டை உள்ளே வைத்தது யார்?' என்று கேட்டார். சிவராசனும் சுபாவும் 1991 ஆகஸ்டிலேயே பெங்களூரு கோணனகுண்டேயில் செத்துவிட்டார்கள், தணு அங்கேயே சிதறிப்போனாள், இனி யாரிடம் போய்க் கேட்பது என்றேன். அதை விசாரிக்க ஒரு குழு இருக்கிறதே என்றார்.

வாய்தா:

உங்கள் அப்பா சொல்வது பல்நோக்கு ஒழுங்கு கண்காணிப்புக் குழு. ராஜீவ் கொலையின் பின்னணியை விசாரித்த ஜெயின் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு 1998இல் அமைத்தார்கள், பெரிய சதியை விசாரிக்க. அந்தக் குண்டைச் செய்தது யார் என்பதை விசாரித்து முடிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போனவர்களில் பேரறிவாளனும் ஒருவர், சிறையில் இருந்தபடியே. குழு மூடிய உறையில் அறிக்கைகள் கொடுத்துக்கொண்டே இருந்தது. 2022இல் அதைக் கலைத்துவிட்டார்கள். அப்பாவிடம் எப்படிச் சொல்வீர்களோ தெரியவில்லை.

தாழ்வாரம்:

சொல்லவில்லை. இன்னும் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.